காமிக்ஸ் வாங்கப்போறீங்களா? தனி இதழ், தொகுப்பு, டிஜிட்டல்… காசை எதில் போடுவது?

‘இன்வின்சிபிள்’ வெப் சீரிஸைப் பார்த்து முடித்த பலருக்கும் அடுத்து எழும் கேள்வி: “இதோட ஒரிஜினல் காமிக்ஸ் எங்க கிடைக்கும்?” தேடிப் பார்த்தால் தலை சுற்றும். ஒரே கதை பல உருவங்களில் வந்து நிற்கிறது. 2003 முதல் 2018 வரை வெளியான 144 தனி இதழ்கள் ஒருபக்கம். அவற்றைச் சேர்த்துக் கட்டிய 25 பேப்பர்பேக் புத்தகங்கள் இன்னொரு பக்கம். இன்னும் மொத்தமாகச் சேர்த்து, தலையணை சைஸில் 3 ‘காம்பெண்டியம்’கள். இவை போதாதென்று போனிலும் டேப்லெட்டிலும் படிக்கிற டிஜிட்டல் பதிப்பு வேறு.

கதையும் படமும் வசனமும் எல்லாவற்றிலும் ஒன்றுதான். விலைதான் ஏணி வைத்தாலும் எட்டாத அளவுக்கு மாறுகிறது. புதிதாக காமிக்ஸ் பக்கம் வருபவர்கள் முதல் மாதத்திலேயே கையைச் சுட்டுக்கொள்வது இந்த இடத்தில்தான்.

“காகித வாசனை வருமா?”, “இந்தக் காலத்துல யாரு புத்தகம் வாங்குறா?” என்று இதைக் காகிதத்துக்கும் திரைக்குமான சண்டையாகவே பேசுவது வழக்கம். உண்மையில் இந்த மூன்றிலும் வாங்குகிற பொருளே வேறு. தனி இதழ் வாங்குபவர், தொடர் நின்றுபோகாமல் ஓடுவதற்கும் சேர்த்தே காசு கொடுக்கிறார். தொகுப்பு வாங்குபவருக்கு அலமாரியில் வைத்து மறுபடி மறுபடி எடுத்துப் படிக்க ஒரு புத்தகம் கிடைக்கிறது. டிஜிட்டலில் ‘வாங்கு’ என்ற பட்டனை அழுத்துபவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது, படித்துக்கொள்வதற்கான அனுமதி மட்டும்தான். இந்த வித்தியாசம் தெரிந்துவிட்டால், எதில் காசைப் போடுவது என்பது அவ்வளவு குழப்பமான கேள்வி அல்ல.

தனி இதழ்: 20 பக்கக் கதைக்கு 4 டாலரா?

அமெரிக்க காமிக்ஸில் ஒரு தொடரின் அடிப்படை அலகு, பொதுவாக மாதம் ஒருமுறை வரும் தனி இதழ். நடுவில் பின் அடித்த மெல்லிய புத்தகம் அது. சுமார் 32 பக்கங்கள். அதில் கதை 20 முதல் 22 பக்கங்கள். மீதி விளம்பரமும் வாசகர் கடிதமும். விலை இப்போது பெரும்பாலும் 3.99 அல்லது 4.99 டாலர். கால் மணி நேரத்தில் படித்துவிடலாம். அடுத்த பகுதிக்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும்.

கணக்குப் போட்டால் நஷ்டம்தான். ‘இன்வின்சிபிள்’ இதழ் ஒன்றுக்குத் தோராயமாக 3 டாலர் என்று வைத்தாலே 144 இதழ்களுக்கு 430 டாலரைத் தாண்டிவிடும். இன்று பழைய இதழ்களைத் தேடி வாங்கினால், குறிப்பாக முதல் இதழை, சேகரிப்பாளர் சந்தையின் விலைக்குத்தான் வாங்க முடியும். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்கத் தனி இதழ்களைத் தொடர்ச்சியாக வரவழைத்துத் தரும் கடைகள் இங்கே அரிது. நாலு டாலர் புத்தகத்துக்குக் கூரியர் செலவு அதைவிட அதிகமாகலாம்.

அப்படியிருந்தும் ஏன் வாங்குகிறார்கள்? இரண்டு காரணங்கள். ஒன்று, வாராவாரம் எபிசோடு பார்த்துவிட்டு நண்பர்களோடு அலசுகிற அதே சுகம். சில விஷயங்கள் தனி இதழில் மட்டுமே கிடைக்கும். பிரையன் கே. வான் எழுத, ஃபியோனா ஸ்டேபிள்ஸ் வரையும் ‘சாகா’ தொடரின் வாசகர் கடிதப் பக்கங்கள் தொகுப்புகளில் இடம்பெறுவதில்லை. கடிதப் பக்கத்துக்காகவே தனி இதழ் வாங்கும் ரசிகர்கள் அதற்கு உண்டு.

இரண்டாவது காரணம்தான் முக்கியமானது.

‘தொகுப்பா வரட்டும், அப்புறம் வாங்கிக்கலாம்’

1970-களில் அமெரிக்காவில் ‘நேரடிச் சந்தை’ என்ற விற்பனை முறை உருவானது. அதற்கு முன் பெட்டிக்கடைகளில் விற்காத இதழ்களைப் பதிப்பகத்துக்கே திருப்பி அனுப்பலாம். புதிய முறையில் காமிக்ஸ் கடைக்காரர் கூடுதல் தள்ளுபடியில் வாங்குவார். ஆனால் விற்காததைத் திருப்பித் தர முடியாது. நஷ்டம் அவர் தலையில். அதனால் எத்தனை பேர் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் ஆர்டர் போடுவார். பதிப்பகமும் அந்த ஆர்டர் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் தொடரை நீட்டிப்பதா நிறுத்துவதா என்று முடிவெடுக்கும்.

இங்கேதான் சிக்கல். “ஆறு இதழ் சேர்ந்து தொகுப்பா வரட்டும், அப்புறம் வாங்கிக்கலாம்” என்று நினைப்பது வாசகரின் பாக்கெட்டுக்கு நல்லது. ஆனால் எல்லோரும் அப்படியே நினைத்தால், கதை முடிவதற்குள்ளேயே தொடர் நின்றுவிடும். ‘ஸ்பைடர்மேன்’, ‘பேட்மேன்’ போன்ற பெரிய தொடர்களுக்குக் கவலையில்லை. புது எழுத்தாளர், புது ஓவியர், சின்னப் பதிப்பகம் என்றால் முதல் சில இதழ்களின் ஆர்டர்தான் உயிர்.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. 2014-ல் கமலா கான் என்ற பதின்பருவப் பெண்ணை நாயகியாக்கி மார்வெல் கொண்டுவந்த ‘மிஸ் மார்வெல்’, டிஜிட்டலிலும் தொகுப்பிலும் பிரமாதமாக விற்றது. காமிக்ஸ் கடைக்குப் போய்ப் பழக்கமில்லாத வாசகர்கள் அதைத் தேடி வந்தார்கள். கடை ஆர்டரை மட்டும் வைத்து ஒரு தொடரின் செல்வாக்கை எடைபோட முடியாது என்பதற்கு அது நல்ல உதாரணம்.

கடைகளின் பாடும் முன்புபோல இல்லை. பல ஆண்டுகள் அமெரிக்கக் காமிக்ஸ் விநியோகத்தைக் கிட்டத்தட்டத் தனியாளாகக் கையில் வைத்திருந்த டைமண்ட் நிறுவனம், 2025 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் போனது. அதை நம்பியிருந்த சின்னப் பதிப்பகங்கள்தான் அதிகம் அடிபட்டன.

‘பின்னாடி நல்ல விலைக்குப் போகும்ல?’

சூப்பர்மேன் அறிமுகமான 1938-ஆம் ஆண்டின் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழின் ஒரு பிரதி, 2024-ல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத் தனி இதழ் வாங்கக் கிளம்புபவர்கள், 1991-ல் வந்த ‘எக்ஸ்-மென்’ முதல் இதழின் கதையையும் தெரிந்துகொள்வது நல்லது. ஐந்து வகை அட்டைகளோடு வந்த அந்த இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றுக் கின்னஸ் சாதனை படைத்தது. எதிர்காலத்தில் பெரிய விலைக்குப் போகும் என்று பலர் ஒன்றுக்கு நாலாக வாங்கிப் பத்திரப்படுத்தினார்கள். எல்லோரிடமும் இருக்கிற பொருளை யார் அதிக விலை கொடுத்து வாங்குவார்கள்? இன்றும் அது சில டாலர்களுக்கே கிடைக்கிறது. 1938 இதழுக்கு அவ்வளவு விலை, அதை அன்று யாருமே பத்திரப்படுத்தவில்லை என்பதால்தான். படிப்பதற்காக வாங்கினால் வாங்கலாம். முதலீடாக நினைத்து வாங்க வேண்டாம்.

தொகுப்பு: கணக்குக்கு லாபம், ஆனால்…

ஐந்து, ஆறு இதழ்களைச் சேர்த்துக் கட்டினால் அது ‘டிரேட் பேப்பர்பேக்’. அதைவிடப் பெரிதாக, கெட்டி அட்டையோடு வந்தால் ‘ஆம்னிபஸ்’. மெல்லிய அட்டையில் ஆயிரம் பக்கம் தாண்டினால் ‘காம்பெண்டியம்’. பெயர்கள் பதிப்பகத்துக்குப் பதிப்பகம் கொஞ்சம் மாறும். பெயர் எதுவாக இருந்தாலும், எந்த இதழ் முதல் எந்த இதழ் வரை உள்ளே இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

‘இன்வின்சிபிள்’ காம்பெண்டியம் ஒன்றின் அச்சிட்ட விலை சுமார் 65 டாலர். மூன்றும் சேர்த்து 195 டாலர். தனி இதழாக வாங்குவதில் பாதிகூட இல்லை. விளம்பரம் இல்லை, காத்திருப்பும் இல்லை. 1986-87-ல் 12 தனி இதழ்களாக வந்த ‘வாட்ச்மென்’ தொடரை இன்று பெரும்பாலோர் ஒரே புத்தகமாகத்தான் அறிவார்கள். நீல் கெய்மனின் ‘தி சாண்ட்மேன்’ 75 இதழ்களில் முடிந்தது. அது பத்துத் தொகுப்புகளாகப் புத்தகக் கடைகளுக்குள் நுழைந்த பிறகு, காமிக்ஸ் கடைப் பக்கமே போகாதவர்களும் அதைப் படித்தார்கள்.

குறைகளும் உண்டு. வாங்கும் முன் நாலு விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, நடு மடிப்பு. இரண்டு பக்கங்களுக்கும் சேர்த்து வரைந்த பெரிய ஓவியத்தின் நடுப்பகுதியைத் தடித்த புத்தகம் விழுங்கிவிடும். தைத்துக் கட்டிய புத்தகம் ஓரளவு தட்டையாக விரியும். வெறும் பசையில் ஒட்டிய தடித்த புத்தகத்தை விரித்தால் முதுகு உடையும்.

இரண்டாவது, எடை. வருடா வருடம் வாடகை வீடு மாறுகிறவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆயிரம் பக்க ஆம்னிபஸ்ஸைப் படுத்துக்கொண்டு படிக்க முடியாது. பஸ்ஸில் எடுத்துப்போகவும் முடியாது. சென்னைபோலக் கடற்காற்றும் ஈரமும் உள்ள ஊரில், சுவரை ஒட்டிய அலமாரியில் அடுக்கினால் பூஞ்சையும் கரையானும் தேடி வரும்.

மூன்றாவது, தொகுப்பு எப்போதும் முதலில் வந்த அதே படைப்பு அல்ல. ஆலன் மூர் எழுதி, பிரையன் போலண்ட் வரைந்த ‘பேட்மேன்: தி கில்லிங் ஜோக்’ 1988-ல் ஜான் ஹிக்கின்ஸின் பளீர் வண்ணங்களில் வந்தது. 2008-ல் வந்த டீலக்ஸ் பதிப்புக்கு போலண்டே மங்கலான நிறங்களில் வண்ணத்தை மாற்றினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு வேறு புத்தகம்போலத் தெரியும். எது சிறந்தது என்பது ரசனை. ஆனால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

நாலாவது, தொகுப்பும் தீர்ந்துபோகும். பெரிய ஆம்னிபஸ்கள் பல ஒருமுறை அச்சிட்டதோடு சரி. மறுபதிப்பு வரும்வரை செகண்ட் ஹேண்ட் சந்தையில் விலை ஏறும். முதல் பாகம் கையில் இருக்க, இரண்டாம் பாகம் கிடைக்காமல் தவிப்பவர்கள் நிறையப் பேர்.

டிஜிட்டல்: பையில் 30,000 இதழ்கள்

செலவைப் பார்த்தால் டிஜிட்டலை அடிக்க ஆளில்லை. மார்வெல் அன்லிமிடெட் என்ற செயலியில் அமெரிக்காவில் மாதம் சுமார் 10 டாலர் சந்தாவுக்கு 30,000-க்கும் அதிகமான இதழ்களைப் படிக்கலாம். அதாவது இரண்டு, மூன்று தனி இதழ்களின் விலை. புதிய இதழ்கள் அச்சில் வந்து சுமார் மூன்று மாதம் கழித்துத்தான் அதில் சேரும். அதைப் பொறுத்துக்கொண்டால் போதும்.

மாங்கா ரசிகர்களுக்கு இன்னும் வசதி. ஜப்பானின் ஷூயெய்ஷா நிறுவனம் 2019-ல் தொடங்கிய ‘மாங்கா பிளஸ்’ செயலியில் பல தொடர்களின் புதிய அத்தியாயங்கள் ஜப்பானில் வெளியாகும்போதே ஆங்கிலத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. விஸ் மீடியாவின் ‘ஷோனென் ஜம்ப்’ சேவையும் இந்தியாவில் கிடைக்கிறது. திருட்டு ஸ்கேன் தளங்களைத் தேடி ஓடவேண்டிய அவசியம் இதனால் வெகுவாகக் குறைந்துவிட்டது.

ஆனால் போன் திரை சின்னது. அச்சுப் பக்கத்துக்கென்று வரைந்த காமிக்ஸை ஆறு அங்குலத் திரையில் பார்த்தால் எழுத்து எறும்புபோலத் தெரியும். இதற்காகத்தான் 2007-ல் தொடங்கிய காமிக்ஸாலஜி நிறுவனம், ஒரு பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதியைக் கொண்டுவந்தது. படிக்க எளிது. ஆனால் முழுப் பக்கத்தையும் ஒரே பார்வையில் பார்க்கும்போது ஓவியர் தர நினைத்த அதிர்ச்சி போய்விடும். பத்து அங்குல டேப்லெட்டில் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் இல்லை. போன் மட்டும்தான் இருக்கிறது என்றால், மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே படிக்கும்படி போனுக்கென்றே வரையப்படும் கொரிய வெப்டூன்கள் பொருத்தமாக இருக்கும்.

‘வாங்கு’ பட்டனை அழுத்தினால் சொந்தமாகிவிடுமா?

பெரும்பாலும், ஆகாது. மாதச் சந்தாவில் இது எல்லோருக்கும் புரியும். ஓடிடி மாதிரிதான், பணம் கட்டுவதை நிறுத்தினால் படமும் நின்றுவிடும். ஆனால் ஒரு புத்தகத்துக்கென்று தனியாக முழு விலை கொடுத்து ‘வாங்கும்போதும்’ பல கடைகளில் கிடைப்பது உரிமம்தான்.

2009-ல் ஒரு விற்பனையாளரிடம் உரிமை இல்லை என்று தெரிந்ததும், ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலை வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே அமேசான் அழித்தது. பணம் திரும்ப வந்தது. நிறுவனத் தலைவர் ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். ஆனால் வீட்டு அலமாரியில் இருக்கும் புத்தகத்துக்கு அப்படி நடக்காது.

காமிக்ஸ் வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ‘ஜேமாங்கா’. ஜப்பானியப் பதிப்பகங்கள் பல சேர்ந்து 2011-ல் ஆங்கில வாசகர்களுக்காகத் தொடங்கிய தளம் அது. 2013-ல் மூடப்பட்டது. காசு கொடுத்து வாங்கிய மாங்காக்களை அந்த ஆண்டு மே மாதத்துக்குப் பிறகு யாராலும் திறக்க முடியவில்லை. டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளும் வசதி அதில் இல்லை.

காமிக்ஸாலஜியை 2014-ல் அமேசான் வாங்கியது. 2023 இறுதியில் அதன் தனிச் செயலி மூடப்பட்டு, வாசகர்களின் புத்தகங்கள் கிண்டிலுக்கு மாறின. புத்தகங்கள் தொலையவில்லை. ஆனால் காமிக்ஸுக்கென்றே கட்டிய வீட்டிலிருந்து வாடகைக்காரரைக் கேட்காமலேயே வேறு வீட்டுக்கு மாற்றிய கதைதான். 2025 பிப்ரவரியில், வாங்கிய கிண்டில் கோப்புகளைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாக மாற்றிக்கொள்ளும் வசதியையும் அமேசான் நிறுத்தியது.

இந்தக் குழப்பத்துக்காகவே கலிஃபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2025 ஜனவரி 1 முதல், டிஜிட்டல் பொருளை விற்கும் கடைகள் அது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. நிரந்தரமாக டவுன்லோடு செய்துகொள்ள முடிகிற பொருட்களுக்கு மட்டும் விலக்கு.

அந்த விலக்குதான் வாசகருக்குமான வழி. பூட்டு இல்லாத பிடிஎஃப், சிபிஇசட் கோப்பாகத் தரும் இடங்களில் வாங்கினால், அந்தக் கோப்பு உங்களிடமே இருக்கும். பிரையன் கே. வானும் ஓவியர் மார்கோஸ் மார்ட்டினும் 2013-ல் தொடங்கிய ‘பேனல் சிண்டிகேட்’ தளம் அப்படிப்பட்டது. ‘தி பிரைவேட் ஐ’ என்ற பத்துப் பாகக் காமிக்ஸை, திரைக்கேற்ற அகல வடிவில் வரைந்து, விருப்பப்பட்ட விலையைக் கொடுத்து இறக்கிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். சுவாரஸ்யம் என்னவென்றால், திரைக்கென்றே பிறந்த அந்தக் கதைக்கும் 2015-ல் கெட்டி அட்டைப் புத்தகம் வந்தது. பிடித்த கதையை அலமாரியில் வைத்துக்கொள்ளும் ஆசை டிஜிட்டல் வாசகருக்கும் விடவில்லை.

தமிழ் காமிக்ஸில் நிலைமை என்ன?

பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் 1962-ல் தொடராகத் தொடங்கிய இரும்புக்கை நாயகன்தான், 1972-ல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் புத்தகத்தில் ‘இரும்புக்கை மாயாவி’யாக வந்தார். அங்கே வாரத்துக்குச் சில பக்கங்கள். இங்கே கையில் ஒரு முழுப் புத்தகம். மாதாமாதம் பின் அடித்த இதழுக்குக் காத்திருக்கும் பழக்கம் நமக்கு ரொம்ப வேரூன்றாததற்கு இது ஒரு காரணம்.

ஆனால் தொடர்கதை வந்தபோது காத்திருப்பும் வந்தது. பெல்ஜியத்தின் ‘XIII’ தொடர் தமிழில் ‘இரத்தப் படலம்’ ஆக லயன் காமிக்ஸில் பாகம் பாகமாக வந்தது. பாகங்களுக்கிடையே நீண்ட இடைவெளி; நடுவில் ஒரு பாகம் தவறவிட்டவர்களுக்குக் கதையே அறுந்துபோகும். 2010-ல் 18 பாகங்களும் கறுப்பு-வெள்ளையில் ஒரே புத்தகமாக வந்தபோது பழைய வாசகர்கள் கொண்டாடியதற்குக் காரணம் அதுதான். பின்னர் வண்ணத்திலும் தொகுப்பு வந்தது.

லயன்-முத்து காமிக்ஸ் இன்று பெரிதும் ஆண்டுச் சந்தாவையும் முன்பதிவையும் நம்பி ஓடுகிறது. எத்தனை பேர் முன்பணம் கட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பெரிய சிறப்பிதழ்கள் சாத்தியமாகின்றன. அமெரிக்கக் கடைக்காரரின் ஆர்டர் சீட்டு செய்கிற வேலையை இங்கே வாசகரின் சந்தா செய்கிறது. பிரதிகள் குறைவு, தீர்ந்துவிட்டால் மறுபதிப்பு வரும் என்று உறுதியில்லை. எனவே அமெரிக்கக் காமிக்ஸுக்குப் பொருந்தும் ‘அப்புறம் பாத்துக்கலாம்’ தமிழ் காமிக்ஸுக்குப் பொருந்தாது. வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் சுற்றும் ஸ்கேன் பிரதிகள் இவ்வளவு சின்னச் சந்தையில் ஏற்படுத்தும் காயமும் பெரிது.

சரி, யாருக்கு எது?

இதில் ஜப்பானிய வாசகர்களின் பழக்கம் நல்ல வழிகாட்டி. அங்கே 1968-ல் தொடங்கிய ‘ஷோனென் ஜம்ப்’ போன்ற வார இதழ்கள் மலிவான காகிதத்தில், டெலிபோன் டைரக்டரி தடிமனில் வரும். படித்துவிட்டுப் பழைய பேப்பரோடு போட்டுவிடுவார்கள். அதில் பிடித்த தொடரை மட்டும், ‘டாங்கோபோன்’ எனும் சிறிய தொகுப்பாக வாங்கி வைத்துக்கொள்வார்கள். மலிவாகப் படிக்க ஒன்று, வைத்துக்கொள்ள ஒன்று.

இதையே இங்கே இப்படிச் செய்யலாம்:

• புதிதாகத் தொடங்குபவர்: ஒரு மாதச் சந்தாவோ இலவசச் செயலியோ போதும். நாலைந்து தொடர்களின் முதல் அத்தியாயங்களைப் படியுங்கள். எடுத்ததும் ஆம்னிபஸ் வாங்கக் கூடாது.

• வெப் சீரிஸ் பார்த்துவிட்டு முழுக் கதையையும் படிக்க விரும்புபவர்: முடிந்துபோன தொடர் என்றால் தொகுப்பு. முதல் பாகத்தை மட்டும் வாங்கி, பிடித்தால் அடுத்தது.

• சின்னப் பதிப்பகத்தின் புதுத் தொடர் பிடித்துவிட்டவர்: தனி இதழோ, தொகுப்புக்கான முன்பதிவோ, எழுத்தாளரிடமிருந்து நேரடியான டிஜிட்டல் கோப்போ… எதுவானாலும் தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே வாங்குங்கள். நின்றபிறகு காட்டும் அன்பு கணக்கில் வராது.

• தமிழ் காமிக்ஸ் வாசகர்: சந்தா. பட்ஜெட் இடிக்கிறது என்றால் பிடித்த நாயகர்களின் புத்தகங்களுக்கு மட்டும் முன்பதிவு.

• டிஜிட்டலில் முழு விலை கொடுப்பவர்: டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ள முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாது என்றால், தள்ளுபடி வரும்வரை பொறுங்கள். வாடகைக்குச் சொந்த வீட்டு விலை கொடுக்க வேண்டியதில்லை.

ஒரு புத்தகத்தை வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ள ஒரே கேள்வி போதும்: “இதை இரண்டாவது தடவை படிப்பேனா?” இல்லை என்றால் திரையில் படித்துவிட்டு நகரலாம். ஆமாம் என்றால் அது அலமாரிக்கு உரியது. அடுத்த வீடு மாறும்போது அந்தப் பெட்டி எவ்வளவு கனத்தாலும் அதை விட்டுவிட்டுப் போக மனசு வராது.